சீட்டு மேசைச் செலவு யார் தலையில்?

வாராவாரம் ஒரே வீட்டில் சீட்டாட்டம் நடந்தால், மூன்றாவது நான்காவது வாரத்திலேயே அந்த வீட்டுக்காரர் மனத்துக்குள் கணக்குப் போடத் தொடங்கிவிடுவார். வாய்விட்டுச் சொல்லமாட்டார். வீடு தேடி வந்தவர்களிடம் தண்ணி கலக்கிக் கொடுத்ததற்குக் காசு கேட்பது நம் ஆட்களுக்கு நாக்கில் வராத விஷயம். ஆனால் சுவிட்சைத் தட்டும்போதும், பால் டின்னைத் திறக்கும்போதும், ஞாயிறு காலையில் வாசலைக் கூட்டும்போதும் அந்தக் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும். நெகிரி செம்பிலானில் ரந்தாவ், சிலியாவ், லாபு, பஹாவ் பக்கத்துத் தோட்டங்களிலும், அந்தத் தோட்டங்களை விட்டு வந்தவர்கள் குடியேறிய தாமான்களிலும் இது புதிய கேள்வி இல்லை. ரம்மி ஆடிய காலத்திலும் இருந்தது. பிள்ளைகள் போக்கர் பழகிக்கொண்ட இந்தக் காலத்தில் இன்னும் கூர்மையாக எழுகிறது.

முதலில் செலவு என்னென்ன என்று பார்த்துவிடலாம். ஆறு பேர், இரவு எட்டு மணியிலிருந்து ஒரு மணி வரை. இரண்டு முறை தே, ஒரு முறை மீ ஹூன் பிரட்டல் அல்லது கறியோடு ரொட்டி, கச்சாங், ஐஸ் தண்ணி, கொசுவத்தி, இரண்டு காற்றாடி, விளக்கு. தாராளமும் இல்லாமல் கஞ்சத்தனமும் இல்லாமல் பார்த்தால் அறுபது வெள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். சீட்டுக்கட்டு தனி. காகிதக் கட்டு நாலு இரவில் முனை மடங்கி, எந்தச் சீட்டு எது என்று முதுகைப் பார்த்தே சொல்லும் நிலைக்கு வந்துவிடும். போக்கர் ஆடுகிறவர்களுக்கு அலுமினியப் பெட்டியில் முந்நூறு வில்லை வேண்டும். பீரை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. குடிப்பவர் தனக்கு வேண்டியதைத் தானே வாங்கி வருவதுதான் எல்லா இடத்திலும் சண்டை வராமல் காக்கும் ஏற்பாடு.

லயத்துக் காலத்தில் இந்தச் செலவெல்லாம் இல்லை. சம்பளம் போட்ட நாளில் கோயிலுக்குப் பின்னாலோ, கள்ளுக்கடை ஓரத்திலோ, ரப்பர் மர நிழலிலோ ஒரு சாக்கை விரித்தால் போதும். பொழுது சாய்ந்த பிறகு ஒரு விளக்கு. மண்ணெண்ணெய் ஊற்றுகிறவருக்கு ஜெயித்தவர் ஏதாவது கொடுப்பார், அவ்வளவுதான். தீபாவளி இரவில் மட்டும் ஆட்டம் வீட்டுக்குள் வரும். அன்றைக்கு முறுக்கும் ஆட்டுக்கறியும் எப்படியும் இருக்கும் என்பதால் செலவு பண்டிகைக் கணக்கிலேயே போய்விடும். வருஷத்துக்கு ஒரு முறை வருவதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. வாரம் தவறாமல் வரும்போதுதான் வீட்டுச் செலவு வேறு, ஆட்டச் செலவு வேறு என்று பிரிக்க வேண்டியிருக்கிறது.

இதே நாட்டில் ஆட்டம் நடத்தும் உரிமையை அரசாங்கமே குத்தகைக்கு விட்ட காலம் ஒன்று உண்டு. ஐக்கிய மலாய் மாநிலங்களில் சூதாட்டக் குத்தகை 1912-ஆம் ஆண்டின் முடிவோடுதான் நிறுத்தப்பட்டது. நெகிரி செம்பிலானும் அந்த மாநிலங்களில் ஒன்று. குத்தகைக்காரர் அரசாங்கத்துக்கு ஒரு தொகை கட்டிவிட்டு, ஈயச் சுரங்கக் கூலிகளின் பந்தயத்திலிருந்து அதை மீட்டுக்கொள்வார். மேசை போடுகிறவன் மேசையிலிருந்தே எடுப்பான் என்ற வழக்கத்துக்கு இங்கே அரசாங்க முத்திரையே இருந்திருக்கிறது. இன்னும் பின்னால் போனால் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் இதை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. சூதாட்டத்தை மேற்பார்க்கும் அதிகாரி ஜெயித்த பொருளில் நூற்றுக்கு ஐந்து எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் காய்களுக்கு வாடகை, குடிதண்ணீருக்கும் இடத்துக்கும் கட்டணம். தண்ணீருக்குத் தனியாகக் காசு கேட்கலாம் என்று எழுதிய அந்த மனிதருக்கு, மாதக் கடைசியில் நம் வீட்டுக்காரர் படும் பாடு புரிந்திருக்கும் என்று தோன்றுகிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவர் செலவையும் பங்கையும் தனித்தனியாக எழுதினார். நம் மேசைகளில் குழப்பமே இரண்டையும் ஒரே டின்னில் போடுவதால் வருகிறது.

அந்த டின்னைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். பல வீடுகளில் அது ஒரு பழைய மைலோ டின். மூடியில் கத்தியால் கீறிய ஒரு பிளவு. ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சேர்ந்த காசிலிருந்து ஒரு வெள்ளியை எடுத்து, ஜெயித்தவர் அதற்குள் போடுவார். மலாய்க்காரரும் சீனரும் நம்மவரும் கலந்து பழகும் ஊர் என்பதால் இதற்குத் 'தோங்' என்ற பெயர்தான் எல்லார் வாயிலும். தோங் எடுக்கிற வீடு, தோங் எடுக்காத வீடு என்று வீடுகளையே இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். இந்த முறை பிடித்துப்போவதற்குக் காரணம் எளிது. கொடுப்பவர் அப்போதுதான் ஜெயித்திருக்கிறார். கை நிறையக் காசு இருக்கும்போது ஒரு வெள்ளி போவது யாருக்கும் வலிக்காது. தோற்றவருக்கு அது தன் காசு என்ற நினைப்பே வராது.

வலிக்காததால் அது சிறிய தொகை என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு பேர் ஆளுக்கு ஐம்பது வெள்ளியோடு உட்காருகிறார்கள். மேசைமேல் மொத்தம் 300 வெள்ளி. மணிக்கு இருபது ஆட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளி, ஐந்து மணி நேரம். டின்னில் 100 வெள்ளி. அதாவது மேசைக்கு வந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆட்டத்தை விட்டே வெளியே போய்விட்டது. ஆறு பேரும் சமமான ஆட்டக்காரர்கள் என்றே வைத்துக்கொண்டாலும், சராசரியாக ஆளுக்குப் பதினேழு வெள்ளி தோற்றுத்தான் வீட்டுக்குப் போவார்கள். வீட்டுக்காரரின் செலவு அறுபது, மிச்சம் நாற்பது. நாலு சனிக்கிழமைக்கு 160 வெள்ளி. ஆட வந்தவருக்கோ நாலு வாரத்தில் 67 வெள்ளி போயிருக்கும். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதத்துக்கு 1,700 வெள்ளி ஆனது. வாரம் ஆறு நாள் வேலை செய்பவருக்கு அது நாளுக்கு 65 வெள்ளி 38 காசு. மாதத்தில் ஒரு முழு நாள் செம்பனைக் குலை வெட்டிய கூலி, யாரிடமும் தோற்காமலேயே, அந்தப் பிளவு வழியாகப் போகிறது.

இதில் வீட்டுக்காரர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. அவர் பெரும்பாலும் நேர்மையாகத்தான் தொடங்குகிறார். "செலவுக்கு மட்டும்" என்றுதான் டின் வைக்கிறார். ஆனால் டின் செலவைப் பார்த்து நிரம்புவதில்லை, ஆட்டத்தைப் பார்த்து நிரம்புகிறது. ஆட்டம் நீண்டால் நிரம்புகிறது, பந்தயம் ஏறினால் நிரம்புகிறது, ஆள் கூடினால் நிரம்புகிறது. மூன்றாவது மாதத்தில் பன்னிரண்டு மணிக்கு எழுந்திருப்பவரை "இன்னும் ரெண்டு ரவுண்டு இருந்துட்டுப் போங்க மாமா" என்று உட்கார வைப்பது விருந்தோம்பலா, டின்னா என்று அவருக்கே சொல்லத் தெரியாது. நட்பு வட்டத்துக்கு வெளியே இருக்கும் ஒருவரை, பை கனம் என்ற ஒரே காரணத்துக்காக யாரோ அழைத்து வரும் நாளும் வரும். அன்றைக்கு வீடு கடையாகிவிட்டது.

மலேசியச் சட்டம் இங்கே என்ன சொல்கிறது என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் தேநீர்க் கடைகளில் இதைப் பற்றி உலவும் பேச்சில் பாதி தவறு. ஆளும் சட்டம் 1953-ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட வீடுகள் சட்டம். மலாயில் அக்தா ரூமா ஜூடி தெர்புக்கா. பேரில் 'பொது' என்று இருப்பதால் சொந்த வீட்டுக்கு அது பொருந்தாது என்று நினைப்பவர்கள் நிறைய. சட்டத்தின் விளக்கப் பிரிவு அந்த வாசலை அடைத்துவிடுகிறது. பொதுமக்கள் வந்துபோனாலும் வராவிட்டாலும், வழக்கமாகச் சூதாடுவதற்கு வைத்திருக்கும் இடமும் அதில் அடங்கும். வழக்கம் என்பதே அங்கே முக்கியம். தீபாவளிக்கு ஒரு நாள் குடும்பத்தோடு சீட்டுப் போடுவதும், ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரே ஆறு பேர் கூடுவதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றாக இருக்காது.

இரண்டாவது தவறான பேச்சு, "போக்கர் மூளை விளையாட்டு, சூதாட்டம் ஆகாது" என்பது. சட்டம் அதிர்ஷ்ட ஆட்டத்தை மட்டும் சொல்லவில்லை. அதிர்ஷ்டமும் திறமையும் கலந்த ஆட்டத்தைப் பணத்துக்கோ பணத்தின் மதிப்புள்ள பொருளுக்கோ ஆடினாலும் அது சூதாட்டமே. சீட்டைக் கலைத்துப் போட்ட மறு விநாடியே அதிர்ஷ்டம் கலந்துவிட்டது. மூன்றாவது, "ஆடுகிறவனைத்தான் பிடிப்பார்கள்" என்பது. உண்மையில் இடம் நடத்துகிறவருக்குத்தான் கனத்த தண்டனை: நாலாவது பிரிவில் 5,000 வெள்ளிக்குக் குறையாத, 50,000 வெள்ளி வரை போகக்கூடிய அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும். ஆறாவது பிரிவில் ஆடுகிறவருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தோங் எடுத்தாரா இல்லையா என்பது வீட்டுக்காரருக்கு எதிரான சாட்சியத்தைக் கூட்டும், குறைக்கும். ஆனால் பணம் வைத்து வழக்கமாக ஆடுவதை, தோங் எடுக்காதது ஒன்றே சட்டப்படி ஆக்கிவிடாது. மேசையில் முஸ்லிம் நண்பர் இருந்தால் அவருக்கு ஷரியா சட்டத்தின் கீழ் தனிச் சிக்கலும் உண்டு.

இந்தியாவில் நிலைமை வேறு. அங்கே செலவுக்காகக் காசு வாங்குவது எந்த எல்லை வரை சரி என்று உச்ச நீதிமன்றமே பேசியிருக்கிறது. சிக்கந்தராபாத்தில் கிரசென்ட் ரிக்ரியேஷன் கிளப் என்ற மன்றத்தில் ரம்மி ஆடியவர்களைப் போலீஸ் பிடித்த வழக்கு, ஆந்திரப் பிரதேச அரசுக்கும் கே. சத்தியநாராயணாவுக்கும் இடையே நடந்து, 1967 நவம்பரில் தீர்ப்பானது. நீதிபதி ஹிதாயத்துல்லா எழுதிய அந்தத் தீர்ப்பு, ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று சொன்னதற்காகத்தான் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. நமக்கு வேண்டியது அதன் மற்றொரு பகுதி. மன்றம் சீட்டுக்குக் கட்டணம் வாங்கியது, உட்காருவதற்குக் கட்டணம் வாங்கியது, நேரம் தாண்டி ஆடினால் தாமதக் கட்டணமும் வாங்கியது. இவை அளவு மீறாதவரை மன்றம் லாபம் பார்த்ததாகக் கொள்ள முடியாது என்றது நீதிமன்றம். நேரம் தாண்டினால் வேலையாட்களுக்குக் கூடுதல் கூலி கொடுக்க வேண்டும், விளக்குச் செலவு இருக்கிறது என்று காரணமும் காட்டியது. அதே சமயம், ஆட்டத்திலிருந்தே இடத்துக்காரர் ஆதாயம் எடுக்கிறார் என்று நிரூபித்தால் குற்றம் நிற்கும் என்று கதவைத் திறந்தே வைத்தது. விளக்குக்கும் ஆளுக்கும் ஆகும் செலவு வேறு, பந்தயத்தில் பங்கு வேறு. இந்தப் பிரிப்பைத் தெளிவாகச் செய்த வேறு தீர்ப்பு என் கண்ணில் பட்டதில்லை.

வெளிநாட்டுச் சட்டங்கள் இதைவிடக் கண்டிப்பானவை. ஒரு வகையில் சுவாரஸ்யமானவையும்கூட, ஏனென்றால் ஆட்டத்தை அனுமதித்துவிட்டு வீட்டுக்காரரின் கையை மட்டும் கட்டுகின்றன. சிங்கப்பூரில் 2022 ஆகஸ்ட் 1 முதல் நடப்புக்கு வந்த சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒருவரை ஒருவர் அறிந்த நண்பர்களும் குடும்பத்தாரும் வீட்டில் பணம் வைத்து ஆடலாம் என்கிறது. ஆனால் அது தொழிலாக நடக்கக் கூடாது, ஆடி ஜெயிப்பதைத் தவிர வேறு ஆதாயம் யாருக்கும் இருக்கக் கூடாது. பிரிட்டனின் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் நுணுக்கம். தனியார் ஆட்டத்தில் பங்கேற்கக் கட்டணமே வாங்கக் கூடாது. பந்தயத்திலிருந்தோ ஜெயித்ததிலிருந்தோ கழிக்கும் எதுவும் கட்டணம்தான். அதற்கு என்ன பெயர் வைத்தாலும், கொடுப்பவர் மனமுவந்து கொடுத்தாலும் மாற்றமில்லை. மைலோ டின்னை மனத்தில் வைத்தே எழுதினார்களோ என்று தோன்றும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலமும் இதே வழியில், தனி இடத்தில் எல்லாருக்கும் ஒரே வாய்ப்போடு, ஜெயிப்பைத் தவிர வேறு பொருளாதார ஆதாயம் யாருக்கும் இல்லாமல் ஆடினால் வழக்கிலிருந்து தப்பலாம் என்கிறது. சிங்கப்பூரில் வேலை செய்துவிட்டு விடுமுறைக்கு வரும் நம் பிள்ளைகள், அங்கே சரியென்றால் இங்கேயும் சரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். எல்லை தாண்டினால் சட்டம் 1953-க்குப் போய்விடுகிறது என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

தோட்டத்து ஆட்கள் இந்த 'நடத்துகிறவருக்கு என்ன' என்ற கேள்வியை வேறொரு இடத்தில் நூறு தடவை தீர்த்துப் பார்த்தவர்கள். அது கூட்டு. மாதம் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, குலுக்கியோ ஏலம் விட்டோ ஒருவர் எடுக்கும் அந்த ஏற்பாட்டில், கூட்டுப் பிடிக்கிறவர் முதல் மாதத் தொகையைத் தள்ளுபடி இல்லாமல் எடுத்துக்கொள்வது பல இடங்களில் வழக்கம். யாரும் முகம் சுளிப்பதில்லை, ஏனென்றால் நடுவில் ஒருவர் ஓடிவிட்டால் அந்த மாதக் காசை இவர்தான் கட்டியாக வேண்டும். அவர் எடுப்பது அபாயத்துக்கான கூலி. இதுவும் தொழிலாகிப் பலர் பணத்தைச் சுருட்டிக்கொண்டு போன பிறகுதான், 1971-ல் கூட்டு நிதித் தடைச் சட்டம் வந்தது. சட்டத்தின் விளக்கத்திலேயே கூட்டு, சீட்டு, சீன 'ஹுவே', ஐரோப்பிய 'டொன்டின்' எல்லாம் வரிசையாக நிற்கின்றன. அது தடுப்பதும் கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை. அதே தோட்டத்து மக்கள்தான் 1960-ல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்கினார்கள். ரசீது, புத்தகம், ஆண்டுக் கூட்டம் எல்லாம் தெரிந்தவர்கள். சீட்டு மேசையில் மட்டும் ஏன் கணக்கு என்ற பேச்சே எடுபடுவதில்லை என்பது எனக்கு விளங்காத ஒன்று.

சீட்டு மேசைக்காரருக்கு அப்படி அபாயம் எதுவும் இல்லையா என்றால், போக்கரில் ஒன்று உண்டு. வில்லைக்கு அவர்தான் வங்கி. ஒரு மணிக்கு ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் வில்லைகளைப் பத்துப் பத்தாக அடுக்குவார்கள். வெள்ளை ஐம்பது காசு, சிவப்பு ஒரு வெள்ளி, பச்சை ஐந்து. வீட்டுக்காரர் டப்பாவிலிருந்த நோட்டை எண்ணிக் கொடுத்துக்கொண்டே வருவார். கடைசி ஆள் அறுபத்தெட்டு வெள்ளிக்கு வில்லையை நீட்டும்போது டப்பாவில் நாற்பத்தெட்டுதான் இருக்கும். யாரோ இடையில் வாங்கிய இருபது வெள்ளி வில்லைக்குக் காசு போடவில்லை. எல்லாரும் கூரையைப் பார்ப்பார்கள். "நான் போட்டேன்ணே, நீங்க அப்ப அடுப்பாங்கரைல இருந்தீங்க" என்பார் ஒருவர். அந்த இருபது வெள்ளி வீட்டுக்காரர் பையிலிருந்துதான் போகும். தோங் எடுக்கும் வீடுகளில் இதைக் காரணமாகச் சொல்வதுண்டு. சரியான காரணம் இல்லை. காசு மேசைக்கு வந்த பிறகே வில்லை கொடுப்பது, வில்லையைக் கொடுப்பவர் அடுப்பாங்கரைக்குப் போகாமல் இருப்பது என்ற இரண்டே ஒழுங்கில் இது தீர்ந்துவிடும்.

அதைவிடக் கெட்ட வருமானம் கடன். கையில் இருந்தது தீர்ந்தவருக்கு வீட்டுக்காரரே ஐம்பது நூறு என்று கொடுத்து, அடுத்த சம்பளத்தில் கூட்டிக் கேட்பது. 1956-ஆம் ஆண்டுக் குடியியல் சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி சூதாட்ட ஒப்பந்தம் செல்லாது. மேசைக் கடனைக் கோர்ட்டில் கேட்க முடியாது. கோர்ட்டில் கேட்க முடியாத கடனை எப்படிக் கேட்பார்கள் என்பது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். ஆலோங் என்ற கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்கும் கதை பல வீடுகளில் இப்படிச் சின்னதாகத்தான் தொடங்கியது. மேசையில் கடன் கொடுக்காத வீட்டில் மற்ற எந்தச் சிக்கலையும் பேசித் தீர்க்கலாம்.

தோங்கை விட்டால் வேறு என்ன வழி? ஜெயித்தவர் சாப்பாடு வாங்கித் தருவது என்ற ஏற்பாட்டைப் பலரும் முதலில் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். நடைமுறையில் ஜெயித்தவர் பதினொரு மணிக்கே "காலைல வேலை இருக்குய்யா" என்று கிளம்பிவிடுவார். மிஞ்சியிருக்கும் தோற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். வீடு மாற்றி வீடு ஆடுவது அழகான வழி. எல்லார் வீடும் ஒரே மாதிரி லயமாக இருந்த காலத்தில் அது ஒத்துவந்தது. இப்போது ஒருவர் சிரம்பானில் இரட்டை மாடி வீட்டில் இருக்கிறார், இன்னொருவர் இன்னும் தோட்டத்து வீட்டில், மற்றொருவர் பெற்றோரோடு மலிவுவிலை அடுக்குமாடியில். ஒருவர் வீட்டில் கைக்குழந்தை, ஒருவர் வீட்டில் படுக்கையில் கிடக்கும் தாத்தா. மூன்று மாதத்தில் வட்டம் சுருங்கி, பழையபடி அந்த ஒரே வீட்டுக்கு வந்து நிற்கும்.

மிஞ்சுவது முன்பங்கு. ஆட்டம் தொடங்கும் முன்பே ஆளுக்குப் பத்து வெள்ளி. ஆறு பேருக்கு அறுபது. மேலே போட்ட கணக்கில் தோங் வழியாகச் சராசரியாகப் பதினேழு போனது, இங்கே பத்தோடு நிற்கிறது. தோற்றவரும் ஜெயித்தவரும் ஒரே அளவு தின்றார்கள், ஒரே அளவு கொடுக்கிறார்கள். ஆட்டம் நீண்டாலும் பந்தயம் ஏறினாலும் தொகை மாறாது. மிச்சம் இருந்தால் அடுத்த வாரத்துக்கு. குறைந்தால் அடுத்த வாரம் ஒரு வெள்ளி கூட. சீட்டுக்கட்டு, வில்லைப் பெட்டி போன்ற ஒரு முறைச் செலவை முதல் நாளே தனியாகப் பிரித்துவிட வேண்டும், வட்டம் கலைந்தால் பெட்டி யாருக்கு என்பதையும் அன்றைக்கே பேசிவிட வேண்டும். வராத வாரத்துக்கு ஒருவர் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் வருகிறேன் என்று சொல்லிச் சமைத்த பிறகு வராதவர் கொடுக்க வேண்டும். எனக்குத் தெரிந்தவரை மனக்கசப்பு இல்லாமல் அதிக நாள் நீடித்த வட்டங்கள் இப்படி நடந்தவைதான். நாக்கில் வராத விஷயம் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதற்கும் இதில் வழி இருக்கிறது. காசை வீட்டுக்காரர் கேட்கக் கூடாது. விருந்தாளிகளில் மூத்தவர் ஒருவர் கேட்டு வாங்கி உள்ளே கொடுக்க வேண்டும்.

உள்ளே என்றால் யாரிடம்? இந்தக் கேள்வியை ஆட்டக்காரர்கள் எழுப்பிப் பார்த்ததில்லை. அறுபது வெள்ளி என்று நாம் போட்ட கணக்கில் மீ ஹூனுக்கும் பாலுக்கும் விலை இருக்கிறது, வெங்காயம் நறுக்கியவருக்கு இல்லை. "அண்ணி, ஒரு தே ஓ கிடைக்குமா?" என்று பன்னிரண்டரை மணிக்குக் கூடத்திலிருந்து குரல் வரும்போது அவர் காலை ஐந்து மணிக்கு எழுந்து வேலைக்குப் போனவர். பிள்ளைகளை ஒரே அறையில் போட்டு, கதவைச் சாத்தி, பேச்சுச் சத்தத்துக்கு நடுவே தூங்க வைத்தவர். ஞாயிறு காலையில் சிகரெட் துண்டுகளைப் பொறுக்கப் போகிறவரும் அவரே. சிக்கந்தராபாத் தீர்ப்பு நேரம் தாண்டினால் வேலையாளுக்குக் கூடுதல் கூலி கொடுக்க வேண்டியிருக்கும் என்று ஒப்புக்கொண்டது. சம்பளம் வாங்கும் வேலையாளுக்கு அந்த நியாயம் உண்டென்றால், சம்பளமே இல்லாத அண்ணிக்கு இல்லாமல் போகாது. முன்பங்கை அவர் கையில் கொடுப்பதும், சாப்பாட்டை வெளியே வாங்கி வந்துவிடுவதும், பன்னிரண்டு மணிக்கு மேல் தண்ணி வேண்டுமானால் வேண்டியவரே கலக்கிக்கொள்வதும் அவருக்குச் செய்யக்கூடிய குறைந்தபட்சம். சீட்டு வட்டங்கள் உடைவதற்குப் பணத் தகராறைவிட இதுதான் அதிகக் காரணம் என்பது என் கணிப்பு. வெளியே சொல்லும்போது "வீட்ல கொஞ்சம் வசதிப்படல" என்று மட்டும் சொல்வார்கள்.

முன்பங்கு முறையில் ஒரு முரண் உண்டு. அதை நேர்மையாக நடத்த ஒரு நோட்டு வேண்டும்: தேதி, வந்தவர், கொடுத்த தொகை, வாங்கிய சாமான், மிச்சம். வட்டத்துக்குள் சந்தேகம் வராமல் காப்பது அந்த நோட்டுதான். ஆனால் பணம் வைத்து ஆடும் வீட்டில் அதே நோட்டு, ஒவ்வொரு சனிக்கிழமையும் இங்கே ஆட்டம் நடந்தது என்பதற்கு வீட்டுக்காரர் தன் கைப்பட எழுதிய சாட்சியமாகவும் ஆகிவிடும். கணக்கு எவ்வளவு சுத்தமோ, 'வழக்கமாக' என்ற சொல்லுக்கு ஆதாரம் அவ்வளவு உறுதி. அதனால்தான் பல வீடுகளில் நோட்டு வைப்பதில்லை. நோட்டு இல்லாததால் டின் வருகிறது. டின் வந்த பிறகு நடப்பதை மேலே பார்த்தோம்.

இந்த முரண் எழாத மேசைகளும் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கும் கிராணி வேலைக்கும் வந்து சிரம்பான் பக்கம் குடியேறிய குடும்பங்களில் முன்னூற்றி நாலு என்ற சீட்டாட்டம் ஆடுவார்கள். துரும்பு கேட்பது, கூட்டாளிக்குச் சாடை காட்டாமல் ஆடுவது, தோற்ற கட்சியைக் கேலி பேசுவது எல்லாம் சூடாகவே நடக்கும். நடுவில் காசு இருக்காது. வில்லை வைத்து, பணமில்லாமல், மாதக் கடைசியில் யார் கையில் வில்லை அதிகம் என்று மட்டும் பார்க்கும் போக்கர் வட்டங்களையும் இளைஞர்கள் சிலர் முயன்று பார்க்கிறார்கள். பணம் இல்லாவிட்டால் சுவை இல்லை என்று பாதிப் பேர் விலகிக்கொள்வது உண்மை. மிஞ்சிய மூன்று நாலு பேர் பத்துப் பத்து வெள்ளி போட்டுத் தே குடித்து ஆடும்போது, அந்த நோட்டை மேசைமேலேயே வைத்து எழுதலாம்.